சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, பிறகு எப்படிக் கிட்னி கெட்டது?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.8, ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. பி.பி. 150/90. கிட்னி பாதித்திருக்கிறது என்று சொல்லி, பி.பி.க்கு ஒன்று, ரத்தம் ஊற ஒன்று, எலும்புக்கு ஒன்று என மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகிறது. ராத்திரியில் மட்டும் மூன்று நான்கு முறை எழுந்து போகிறார். இடுப்பில், முதுகில் வலி கிடையாது. முட்டி வலிதான் உண்டு. அதற்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். கிட்னி கெட்டால் சிறுநீர் நின்றுவிடாதா? கிட்னிக்கும் ரத்தசோகைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? நிறையத் தண்ணீரும் இளநீரும் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
— ஒரு வாசகி, செய்யாறு

பதில்: சிறுநீர் தாராளமாகப் போவதைக் கிட்னி நன்றாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் வெகுவாகக் குறைவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். உங்கள் அப்பா ராத்திரியில் மூன்று நான்கு முறை எழுந்து போகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுவே ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், சிறுநீரகம் என்னதான் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விலா எலும்புகளின் கீழ்விளிம்பை ஒட்டி, முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. நீளம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், எடை 150 கிராம் அளவு. மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது பக்கத்தது கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் அரை சதவீதம் தேறாது. ஆனால் இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கும் மேலே, இந்த இரண்டு உறுப்புகளுக்கும் போகிறது. இவ்வளவு சின்ன உறுப்பு தன் பசிக்காக இவ்வளவு ரத்தம் கேட்காது. ரத்தத்தைத் திருத்தி அனுப்புவது அதன் வேலை. அதற்காகத்தான் அத்தனையும் அங்கே போகிறது.

திருத்துகிற முறைதான் விசித்திரம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரான் என்பது ஒரு சின்ன ரத்தக்குழாய்ப் பந்தும், அதிலிருந்து கிளம்பும் ஒரு நீண்ட நுண்குழலும். பந்தில் ரத்தம் வடிகட்டப்படுகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளே நிற்க, தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் குழலுக்குள் இறங்கிவிடும். இப்படி இறங்குவது ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் உடம்பில் மொத்த பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான் என்பதால், அதே நீர் ஒரு நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. பிறகு குழலின் சுவர்கள் உட்கார்ந்து, வேண்டியதை எல்லாம் திரும்ப எடுக்கின்றன: 178 லிட்டருக்கு மேல் தண்ணீர், உப்பில் பெரும்பகுதி, சர்க்கரையில் ஒரு துளி விடாமல். மிஞ்சுகிற ஒன்றரை இரண்டு லிட்டர்தான் சிறுநீர்.

கழிவை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு? போகிக்கு வீட்டைக் காலி செய்வதை நினைத்துப் பாருங்கள். சாமான் முழுவதையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டு, தேவையானதை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டால், எது குப்பை என்று ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டியதில்லை. நேற்றுத்தான் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் செய்த வேதிப்பொருள் நம் ரத்தத்தில் கலந்தாலும், அது இன்னதென்று சிறுநீரகத்துக்குத் தெரிய வேண்டாம். திரும்ப எடுக்கும் பட்டியலில் இல்லாதவை பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். நாம் விழுங்கும் எத்தனையோ மாத்திரைகள் இந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன.

ஆகவே, சிறுநீரகத்தின் திறமையை அது வெளியே விடும் தண்ணீரின் அளவில் தேடக் கூடாது. திரும்ப எடுப்பதில் தேட வேண்டும். ராத்திரி நாம் தூங்கும்போது ஆரோக்கியமான சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துச் சிறுநீரைச் சுண்ட வைக்கிறது. காலையில் அது அடர் மஞ்சளாக வருவது அதனால்தான். நெஃப்ரான்கள் பழுதாகத் தொடங்கினால், சுண்ட வைக்கும் இந்தத் திறன் வெகு சீக்கிரம் குறைகிறது. அதே அளவு கழிவை வெளியேற்ற அதிகத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்திருப்பது. கட்டுக்கு அடங்காத சர்க்கரையும், அந்த வயதில் வீங்கும் புராஸ்டேட் சுரப்பியும் இதே தொந்தரவைத் தரும் என்பதால், எது காரணம் என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வலி இல்லையே என்கிறீர்கள். சிறுநீரகத்தின் உள்திசுவில் வலி உணரும் நரம்புகள் இல்லாததுபோலத்தான். மேலுறை விரியும்போதோ, கல் இறங்கிக் குழாய் அடைபடும்போதோதான் வலிக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நெஃப்ரானை ஒவ்வொன்றாகச் சாகடிப்பது சத்தமில்லாமல் நடக்கும். போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது. மிச்சமிருப்பவை பெருத்து, போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்கள் நன்றாக வாழ்வது இந்தத் தாராளத்தால்தான். நோய் இத்தனை வருஷம் ஒளிந்திருக்க முடிவதும் அதே தாராளத்தால்தான்.

இனி அந்த 1.8. கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு. அதை வெளியேற்றும் திறன் பாதியானால் ரத்தத்தில் அதன் அளவு இரட்டிக்கும். கணக்கைக் கவனித்துப் பாருங்கள். 0.9 இருந்த ஒருவருக்கு 1.8 ஆனால், பார்வைக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஆனால் வடிகட்டும் திறனில் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு 1.8 என்பது 3.6 ஆகும்போது போவது மிச்சத்தில் பாதி, அதாவது முதலில் இருந்ததில் கால் பங்குதான். நாம் பயப்படுவதெல்லாம் 6, 7 என்ற பெரிய எண்களைக் கண்டு. பெரிய இழப்பு நடப்பதோ, 'கொஞ்சம்தான் கூடியிருக்கு' என்று தள்ளிவிடும் முதல் ஏற்றத்தில்.

இதனால்தான் இப்போது வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் தருகிறார்கள். உங்கள் அப்பாவின் வயதுக்கும் 1.8க்கும் அது 41 அளவில் வரும். இளவயதில் நூறைத் தாண்டி இருக்கும். வயதோடு தானாகவும் கொஞ்சம் குறையும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்போம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது; வாந்தி பேதியில்கூட கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும். பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். இரண்டு வருஷம் முன்னால் 1.7 இருந்து இப்போது 1.8 ஆனவருக்கும், போன தீபாவளிக்கு 1.0 இருந்து இப்போது 1.8 ஆனவருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு.

நீங்கள் எழுதியதில் ஒரு பரிசோதனையைக் காணோம். சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். ஆல்புமின் என்பது வடிகட்டியைத் தாண்டி வரக் கூடாத புரதம். அது சிறுநீரில் வந்தால் சல்லடை கிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். சர்க்கரைக்காரர்களில் பலருக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே இது காட்டிக் கொடுத்துவிடும். 30க்குக் கீழே இருப்பது இயல்பு. சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் வருஷம் ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனை. விலை அதிகமில்லை, ஆனாலும் நம் ஊரில் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

அடுத்தது ரத்தம். சிவப்பணுக்கள் உற்பத்தியாவது எலும்பு மஜ்ஜையில். ஆனால் எத்தனை செய்ய வேண்டும் என்று உத்தரவிடுவது சிறுநீரகம். தன் வழியாக ஓடும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதை அது உணர்ந்தால் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மஜ்ஜை அதைக் கேட்டு வேலையைக் கூட்டுகிறது. செல்கள் ஆக்ஸிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கதையின் தொடக்கமே இந்த ஹார்மோன்தான். நெஃப்ரான்களைச் சுற்றியுள்ள திசு தழும்பாகும்போது உத்தரவு போவது குறைகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. அப்பாவின் 10.2க்கு இதுமட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இரும்புச்சத்து, பி12, மலத்தில் ரத்தக்கசிவு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். முக்கியமாக, மெட்ஃபார்மின் வெகுகாலம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது சகஜம். மெட்ஃபார்மினின் அளவையும் இ.ஜி.எஃப்.ஆரைப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

எலும்பின் கதை தோலில் தொடங்குகிறது. வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி, அப்படியே ஒன்றுக்கும் உதவாது. கல்லீரலில் ஒரு மாற்றம், அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். பிறகுதான் குடல் அதன் பேச்சைக் கேட்டு உணவிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். சிறுநீரகம் தளர்ந்தால் கடைசி மாற்றம் தடைபடுகிறது, கூடவே பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைவதைப் பொறுக்காத பாராதைராய்டு சுரப்பி, எலும்பிலிருந்து அதை உருவி எடுத்து ஈடு கட்டுகிறது. எலும்புக்கு மாத்திரை எழுதியது அதற்காகத்தான் இருக்கும்.

பி.பி.தான் இதில் பெரிய விஷயம். சர்க்கரையைவிட அதைத்தான் நான் முதலில் பிடிப்பேன். 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்பவரும் அவருடைய மாணவர் பேர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்தெடுத்த சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். தனக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்ததாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனினை விடுகிறது. கல்லீரல் செய்து ரத்தத்தில் மிதக்கவிட்டிருக்கும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டிய துண்டு நுரையீரலின் ரத்தக்குழாய்களைக் கடக்கும்போது இன்னொரு நொதி அதை மறுபடி வெட்டி, ஆஞ்சியோடென்சின் 2 என்று ஆக்குகிறது. அது உடம்பெங்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி, உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், அட்ரீனல், மறுபடி சிறுநீரகம். பாடப்புத்தகத்தில் கழிவு மண்டலம், சுவாச மண்டலம், நாளமில்லாச் சுரப்பி மண்டலம் என்று தனித்தனி அத்தியாயமாகப் படித்தோமே, உடம்பு அந்த அத்தியாயப் பிரிவுகளைப் படித்ததில்லை.

பேதியிலும் ரத்தப்போக்கிலும் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. நோயுற்ற சிறுநீரகத்திலோ இதுவே எதிரியாகிறது. தழும்பேறிய பகுதிகளுக்கு ரத்தம் குறைவாகப் போவதால் அவை ஓயாமல் ரெனினை விடுகின்றன; பி.பி. ஏறுகிறது, ஏறிய அழுத்தம் மிச்சமுள்ள நெஃப்ரான்களை அடித்து நொறுக்குகிறது, இன்னும் தழும்பு. இந்தச் சுற்றை உடைக்கத்தான் எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகை மருந்துகள். இவற்றில் முதலில் வந்த கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்தது என்பது உபரித் தகவல். அப்பாவுக்கு இந்த வகை எழுதியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறலாம். நெஃப்ரானுக்குள் இருந்த அழுத்தம் இறங்கியதன் விளைவு அது. முப்பது சதவீதம் வரை ஏறுவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். 'மாத்திரை போட்டதும் கிட்னி இன்னும் கெட்டுவிட்டது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடங்கிய ஓரிரு வாரங்களில் பொட்டாசியத்தோடு சேர்த்து மறுபடி பரிசோதித்தால் போதும்.

சர்க்கரைக்கும் ஒரு வார்த்தை. திரும்ப எடுக்கும் குழல் சர்க்கரையை ஒரு துளி விடாமல் எடுக்கும் என்றேன் அல்லவா? அப்படி எடுக்கும் கதவுகளில் ஒன்றை அடைக்கும் மருந்துகள் இப்போது உள்ளன: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரை சிறுநீரில் போகட்டும் என்று செய்த மருந்து, சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரியவந்தது. அப்பாவுக்குப் பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

டயாலிசிஸ் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: இ.ஜி.எஃப்.ஆர். 41இல் இருப்பவருக்கு இப்போது அந்தப் பேச்சே இல்லை. பொதுவாக 15க்குக் கீழே போனபின்தான் அந்த யோசனை வரும். பி.பி.யும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அங்கே போகாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். இந்தக் கட்டத்தில் பலருக்குக் கிட்னியைவிட இதயம்தான் ஆபத்து, ஈ.சி.ஜி.யும் கொழுப்புப் பரிசோதனையும் செய்யச் சொல்வது அதற்காகவே.

டயாலிசிஸ் இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் என்ற சிற்றூரில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை ஒரு மரச்சட்ட உருளையில் சுற்றி, நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். அதன் வாரிசுகள் இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை வந்துவிட்டன. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம். மொத்தம் 12 மணி. சொந்தச் சிறுநீரகம் வேலை செய்வது வாரத்தின் 168 மணியும். அதோடு இயந்திரம் கழுவத்தான் செய்யும். எரித்ரோபாய்ட்டின் சுரக்காது, வைட்டமின் டியை மாற்றித் தராது. 1989இல் எரித்ரோபாய்ட்டின் ஊசி சந்தைக்கு வரும் வரை, டயாலிசிஸ் நோயாளிகள் பலர் ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் நடமாடினார்கள். முழு வேலையையும் ஏற்பது மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான். 1954இல் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே முதல் வெற்றி, நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971இல்.

இனி தண்ணீர். தண்ணீர் கிட்னியைக் கழுவாது. நோயுற்ற நெஃப்ரானை எத்தனை குடம் தண்ணீரும் திருப்பித் தராது. கல் உள்ளவர்களுக்கு நிறையக் குடிக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த அறிவுரை ஊர் முழுக்க எல்லாக் கிட்னிக்கும் பரவிவிட்டது. தாகத்துக்குக் குடிக்கட்டும், வெயிலில் அலைந்தால் கூடக் குடிக்கட்டும். காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அளவைக் குறைக்க வேண்டி வரும். அதற்காகக் காய்ந்தும் கிடக்கக் கூடாது. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் சர்க்கரையும் பி.பி.யும் இல்லாமலே இளவயதில் சிறுநீரகத்தை இழந்தார்கள். கொளுத்தும் வெயிலில் நீர் வற்ற உழைப்பது அதற்கொரு காரணமாகப் பேசப்படுகிறது. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணப்படும் நோய்க்கு முழுக் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். நல்ல சிறுநீரகம் அதைச் சுலபமாக வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகம் தேக்கிவைக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். நான் மேலே சொன்ன பி.பி. மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால், பரிசோதனை முடிவு தெரியும்வரை இளநீர் வேண்டாம். சோடியம் குறைத்தது என்று விற்கும் உப்பும் அதேபோலத்தான். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைக் கலந்திருப்பார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், தப்பித்ததாக நினைக்க வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே பி.பி.யில் வித்தியாசம் தெரியும்.

'கிட்னியைச் சுத்தம் செய்யும்' பொடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; அடுத்ததாகச் சொந்தக்காரர்கள் அதைத்தான் கொண்டுவருவார்கள் என்பதால் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அடியோடு போனது. காரணம் அரிஸ்டோலோகியா என்ற செடி இனம். நம் வேலியோரத்தில் படரும் ஆடுதின்னாப்பாளை அதே இனம். கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் காயை, கொழுப்பு குறையும் என்று நம்பிச் சாறாகக் குடித்தவர்களுக்கு ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததும் உண்டு. செடியில் விளைந்தது என்பதற்காகக் கிட்னி அதற்குச் சலுகை தராது.

கடைசியாக, நீங்கள் முட்டி வலியோடு சேர்த்து லேசாகச் சொல்லிவிட்ட அந்தக் கடை மாத்திரை. என் கவலையெல்லாம் அதில்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வடிகட்டும் பந்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டகிளாண்டின் என்ற பொருள். வலியைக் குறைப்பதற்காக இந்த மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே பாதி நெஃப்ரானோடு ஓடும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் அதனால் குறைகிறது. பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால், ஒரு நாள் பேதியே போதும் கிரியேட்டினின் எகிற. பாராசிட்டமால் போடலாம், டாக்டர் சொல்லும் அளவில். மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்கான பயிற்சி, எடை குறைப்பது ஆகியவை முட்டிக்கு உண்மையாகவே உதவும். இதுவரை சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையை எறிந்துவிடாமல் அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்துக் கடையில் 'முட்டி வலிக்கு ஏதாவது குடுங்க' என்று அப்பா கேட்கும்போது, 'எனக்குக் கிட்னி பிரச்சினை இருக்கு' என்பதையும் கூடவே சொல்லப் பழக்குங்கள்.